மூன்றாவது முழுக்கு

சேச்சியின் கேமராவுக்கு பேட்டரி மூடி கிடையாது. எங்கோ விழுந்து தொலைந்த மூடிக்குப் பதிலாக ஒரு சிவப்பு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்திருப்பார். கொச்சி மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த நாங்கள் ஏழு பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் படமெடுக்கக் கிளம்பும் ஒரு குழு வைத்திருந்தோம். மற்ற ஆறு பேருக்கும் பெரிய லென்ஸ், அதைவிடப் பெரிய வாய். சேச்சிதான் எங்கள் கேலிக்கு ஆள். பக்கத்து வைப்பின் தீவில் பிறந்து வளர்ந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மலையாளி, எங்கள் எல்லாருக்கும் அக்கா. படமெடுப்பதைவிட எதிர்ப்படுகிறவர்களிடம் கதை பேசுவதில்தான் அவருக்குக் குஷி. பேசிக்கொண்டே போய் எங்கள் லென்ஸுக்கு முன்னால் நிற்பார். எங்கள் குழுவில் இருந்த ஒரே சட்டம், அடுத்தவர் ஃப்ரேமுக்குள் காலை வைக்கக் கூடாது என்பது. அதை வகுத்தவன் நான்; மீறவென்றே பிறந்தவர் அவர். மீறினால் எல்லாருக்கும் அவர்தான் சாயா வாங்கித் தர வேண்டும். "சாரமில்ல மோனே, சாயாதானே" என்பார், பரவாயில்லை என்கிற மாதிரி.

ஆற்றங்கரைப் பழைய ஊர்களை ஒரே நாளில் பார்த்து வருவதாக அன்று புறப்பட்டோம். விடிந்ததும் பறவூர்ச் சந்தையையும் பழைய கடைவீதியையும் எடுத்துத் தள்ளிவிட்டு, பத்து மணிக்குப் பெரியாற்றின் ஒரு படித்துறைக்கு வந்து சேர்ந்தோம். இறந்தவர்களுக்கு எள்ளும் சோறுமாகப் பலி போட்டுவிட்டு ஆற்றில் மூன்று முறை முழுகி எழுவது அங்கே வழக்கம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இடுப்பளவு நீரில் தனியாக நின்றிருந்தார். முழுகி எழுந்து தலையைச் சிலுப்பும்போது நீர் தெறிக்கும் அந்த நொடிக்காக, நாங்கள் ஆறு பேரும் வரிசையாகக் குத்தவைத்துக் காத்திருந்தோம். முதல் முழுக்கில் எனக்கு ஃபோகஸ் தவறியது. இரண்டாவதில் யாரோ நிழலாட்டினார்கள். மூன்றாவதை விடக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் முழுகினார். நீர் மூடிக்கொண்டது. நான் காத்திருந்தேன். பலே, நல்ல மூச்சுப்பிடிப்பு என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். ஆறு பேரில் ஒருவர்கூடக் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்போது வலப்பக்கத்திலிருந்து சேச்சியின் மஞ்சள் சுடிதார் என் ஃப்ரேமுக்குள் வந்தது. எனக்கு வந்ததே கோபம். "சேச்சி, ஃப்ரேம விட்டு மாறுங்க" என்று படித்துறை அதிரக் கத்தினேன். அவர் மாறவில்லை, குதித்தார்.

அதன்பின்தான் கண்ணை எடுத்தேன். ஆற்றில் ஆளே இல்லை. அந்த மனிதர் கால் வழுக்கி ஆழத்துக்குப் போயிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. சேச்சி அவர் தலைமுடியைப் பற்றிக்கொண்டு மேலே வந்தார். அக்கரையிலிருந்து தோணிக்காரர் ஒருவர் துடுப்புப் போட்டு வந்து பிடித்துக்கொண்டார். படியில் குப்புறப் போட்டதும் அந்த மனிதர் நீரைக் கக்கி, இருமி, அழுதார். நாங்கள் ஆறு பேரும் கழுத்தில் கேமராவோடு சுற்றி நின்றோம். வெட்கங்கெட்டு நின்றோம் என்றுதான் எழுத வேண்டும்.

ஊர் பார்ப்பதை அத்தோடு நிறுத்தி வண்டியைத் திருப்பினோம். யாரோ கொடுத்த வேட்டியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சேச்சி ஒரு வார்த்தையாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அன்றே எனக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். "வீட்டில சோறு வச்சிட்டு வரல்ல, நேராப் போலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அந்த மனிதர் மனைவியோடு சேச்சி வீட்டுக்கு வந்தார். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். சேச்சி என்னையும் கூப்பிட்டனுப்பியிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் அந்த அம்மா எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சத்தம் போட்டதுனாலதான் சேச்சி ஆத்துப் பக்கம் திரும்பிப் பாத்தாங்களாமே. அவங்களே சொன்னாங்க. உங்களையும் நாங்க மறக்க மாட்டோம்."

நான் சேச்சியைப் பார்த்தேன். அவர் கிளாஸ்களில் சாயா ஊற்றிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த அம்மா என் கைகளை இன்னும் விடவில்லை.

நான் தலையாட்டினேன். அது போதாதென்று, "எங்க கடமைதானே" என்று வேறு சொன்னேன்.