சாமிக்குக் கட்டிய பிரியாவிடைப் பந்தல்

இதை எழுதலாமா விடலாமா என்று எத்தனையோ வருடங்கள் யோசித்துவிட்டேன். பேனாவை எடுக்கும்போதெல்லாம் "கோயிலைக் காட்டிக்கொடுக்கிறாயா?" என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கும். அது என் காவல் சம்மனசின், என்னைக் காக்கும் தேவதூதரின், குரல் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். பிறகுதான் பிடிபட்டது, அது எங்கள் மூப்பரின் குரல். மூப்பர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆண்டவர் அவரை நல்லபடி வைத்திருக்கட்டும். இனி எழுதலாம்.

ஐம்பதுகளில் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கத்தில், நாங்கள் வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர், கொஞ்சப்பேர்தான். சுற்றிவரச் சோனக முஸ்லிம்களும் சைவக்காரரும். அதனால் எங்களுக்குத் தேவபயத்தை விட அயல்பயம் சற்றுக் கூடுதல். கோயில் காரியங்களைப் பார்க்கும் பெரியவரை மூப்பர் என்போம். எங்கள் மூப்பர் இருமினால்கூட நாலுபேர் எழும்பி நிற்பார்கள். நான் கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருந்தேன். எழுத்து வாசனை எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி.

என் தங்கச்சி எங்களோடு இருந்தாள். இருபத்தைந்து வயது, கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். பீடத்துக்கு விரிக்கும் சீலைகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொடுப்பது அவள் நேர்ந்துகொண்ட வேலை. ஒருநாள் காலை கொண்டுபோன சீலைகளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். எங்கள் கோயில் குருவானவர், பங்குச்சாமி, அறைக்கதவைச் சாத்திவிட்டு அவளிடம் முறைகேடாக நடந்திருக்கிறார். தள்ளிவிட்டு ஓடிவந்திருக்கிறாள். என் மனைவியிடம் சொன்னாள். மனைவி என்னிடம் சொன்னாள். நான் மூப்பரிடம் ஓடினேன்.

"வேற ஆருக்கும் சொன்னியா?" இதுதான் அவர் கேட்ட முதற் கேள்வி.

"இல்ல."

"சருவேசுரனுக்குத் தோத்திரம்!" என்று நெஞ்சில் கைவைத்தார். என் தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்க அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மேலிடத்துக்குச் செய்தி போயிற்று. மேலிடமும் சும்மா இருக்கவில்லை. சாமியை வேறு ஊருக்கு மாற்றியது. அங்கேயும் ஒரு கோயில், அங்கேயும் பீடம், அங்கேயும் சீலை துவைக்கும் பெண்கள்.

உடனே மூப்பர் கூட்டம் வைத்தார். "சத்தமில்லாம அனுப்பினா அயல்சனம் ஏன் எண்டு கேக்கும். மேளதாளத்தோட அனுப்பினா ஒருத்தரும் கேளாங்க" என்றார். அவ்வளவு பெரிய புத்தி எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் ஓம் என்று தலையாட்டினோம். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "மாலையை உன்ர தங்கச்சி போடட்டும். அப்ப ஒரு கதையும் எழும்பாது."

பந்தலுக்கு வெள்ளைத் துணி எடுக்க மருதமுனைக்குப் போனேன். எனக்குப் பழக்கமான நெசவுக்காரக் காக்கா (சோனக அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) துணியை முழம் போட்டுக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"முந்தின சாமி தங்கமான மனிசன். சைக்கிள்ள பெட்டியக் கட்டிக்கிட்டு அழுதழுது போனாரு. அவருக்கு ஒரு முழமும் நீங்க எடுக்கல்ல. இவருக்கு இவ்வளவு துணியா தம்பி? அப்படி எதை மூடப் போறீங்க?"

நான் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூப்பர் யாருக்குத் தெரியக்கூடாது என்று பந்தல் போட்டாரோ, அவர்களுக்குப் பந்தலால்தான் தெரிந்தது.

வீட்டில் தங்கச்சியிடம் மாலைக் கதையைச் சொன்னேன்.

"மாலை கிடக்கட்டும் அண்ணா. அவர் போற ஊருல சீலை கழுவுறது ஆரு?"

"ஆரோ ஒரு புள்ள."

"அந்தப் புள்ளைக்கு ஆர் சொல்லுற?"

"மூப்பர் சொல்லுவாரு."

அடுப்படியிலிருந்த என் மனைவி சிரித்தாள். "மூப்பரோ? அவர் வாயத் தொறந்தா வாழ்த்துப்பா மட்டும்தானே வரும்!" தங்கச்சி சிரிக்கவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைக்கு யார் சொல்வது என்பது மட்டுமே அவள் மனதில் இருந்தது.

பிரியாவிடை நாள் வந்தது. சாமியைக் கூட்டிப்போகப் புதுப் பங்கிலிருந்து இரண்டு ஆண்களும் ஒரு வயதான அம்மாவும் காரில் வந்திருந்தார்கள். மூப்பர் வாழ்த்துப்பா வாசித்தார். சாமியை 'ஆடுகளைத் தேடித் தேடிப் போன மேய்ப்பர்' என்றார். "அது மெய்தான்" என்றாள் என் மனைவி. பின்வரிசையில் ஒருவருக்கு இருமல் வந்தது. தங்கச்சி மாலையைத் தொடவில்லை. மூப்பரே போட்டுவிட்டார்.

முடிவில் எல்லோரும் முழங்காலில் இருந்து கடைசி ஆசீர்வாதம் வாங்குவது எங்கள் வழக்கம். முழுப் பந்தலும் முழங்காலில் இருந்தது. என் தங்கச்சி மட்டும் நின்றாள்.

"முழங்கால் போடுகா" என்று மூப்பர் பல்லைக் கடித்தார்.

அவள் அந்த வயதான அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, ஒங்கட ஊருல பீடச்சீலை கழுவுற புள்ளையள இவர்ர அறைக்குத் தனிய அனுப்பாதீங்க. நான் அப்படிப் போய்ப் பட்டுத்தான் சொல்லுறன்."

ஆசீர்வாதம் முடிந்து அமைதியானதும் அடிக்க வேண்டும் என்று மேளக்காரருக்குச் சொல்லியிருந்தோம். அமைதியைக் கண்டதும் அவர்கள் வெளுத்து வாங்கினார்கள்.

வந்தவர்கள் மூவரும் ஒதுங்கி நின்று கதைத்தார்கள். பிறகு அதில் ஒருவர் மூப்பரிடம் வந்து, காரில் ஏதோ கோளாறு, சாமியை ஏற்ற ஏலாது என்று மரியாதையாகச் சொன்னார். சொல்லிவிட்டு அதே காரில் ஏறிப் போய்விட்டார்கள். சாமி மாலையோடு பஸ் ஏறினார். பிறகு எந்த ஊருக்கு அனுப்பப்பட்டார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கவலை இன்றும் இருக்கிறது.

"கோயில்ர மானத்தை வித்துப்போட்டாள். இனி அவள் இஞ்ச மிதிக்கப்படாது" என்றார் மூப்பர். அவளே இனிப் போகமாட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளன எழும்பி, கோயிலுக்குப் போடும் முக்காட்டைக் கையில் எடுத்தாள்.

"போகத்தான் போறியா?"

"சாமிமாருக்குத்தான் அண்ணா மாற்றம் வாற. ஆண்டவருக்கு வாறல்ல."

புதுச்சாமி இன்னும் வரவில்லை. பூசை இல்லாத ஞாயிறுகளில் மூப்பர்தான் செபமாலையை முன்னுக்குச் சொல்வார். அவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். அவள் வெளியே போகும்வரை தொடங்குவதில்லை என்று நின்றார். சனம் காத்திருந்தது. தங்கச்சி முழங்காலில் இருந்தாள், தானே தொடங்கினாள். முதலில் ஒரு விதவை மட்டும் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று மறுமொழி சொன்னாள். பிறகு என் மனைவி. பிறகு நான். பிறகு வாங்கு வாங்காக, வரிசை வரிசையாகச் சேர்ந்தது. முடிவில் மூப்பரும் முணுமுணுத்தார். சிறுவயதிலிருந்து சொன்ன வாய், எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? என் விசுவாசம் செத்துவிட்டது என்று அந்தக் கிழமை முழுவதும் பயந்திருந்தேன். அதற்கு உயிர் இருக்கிறது என்று அங்கேதான் கண்டேன்.

இதை நீங்கள் பிறருக்குச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவள் அழுதாள் என்று சேர்க்க வேண்டாம், அழவில்லை. சாமியை இடி விழுத்தியது என்று சேர்க்க வேண்டாம்; அவர் பஸ்ஸில் போனார். நாங்கள் எல்லோரும் அவளோடு எழுந்து நின்றோம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நாங்கள் முழங்காலில்தான் இருந்தோம்.