சுவடு அழிக்கும் வேலை

1. முதல் நாள்

தெரணியகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், ரப்பர் மரங்களைத் தறித்த பின் வெறுமனே கிடந்த செம்மண் சரிவு ஒன்று உண்டு. அதற்கு நேர் கீழே எங்கள் லயம், தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்த என்னைத் தேடி, தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு ஏவும் கணக்கப்பிள்ளை வந்தார்.

"கொழும்புல இருந்து படிச்சவங்க வந்திருக்காங்க. கூட்டுறதுக்கு ஆள் வேணுமாம், வாய் பேசாத ஆளா. ஒன்ன விட்டா யாரு?"

வேற்றுக் கிரகத்தில் ஓட்டுகிற மெஷின் மாதிரி ஒன்றைச் செய்து, அதை அந்தச் சரிவில் ஓட்டிப் பழகினார்கள். ஆறு சக்கரம், கழுத்தில் கேமரா. ஓட்டுகிறவர்கள் தகரக் கொட்டகைக்குள் இருப்பார்கள். ஜன்னலைச் சாக்கால் மூடியிருந்தார்கள். எட்டிப் பார்க்கக் கூடாது. கேமராவில் தெரிவதை வைத்தே ஓட்ட வேண்டும்.

அவர்கள் வருமுன், முந்தின நாள் சக்கரத் தடம், நாய்க் கால், மாட்டுக் கால் எல்லாவற்றையும் நான் ஈக்குமாறால் அழிக்க வேண்டும். பின்பக்கமாக நடந்து, என் காலடியையும் அழித்துக்கொண்டே வெளியே வர வேண்டும்.

"பாட்டி, மனுஷர் கால் படாத இடம்னு நினைச்சுக்கோங்க. மண்ணுல ஒரு கோடுகூட இருக்கக் கூடாது," என்றார் அந்தக் குழுவில் இருந்த தமிழ் மிஸ்.

2. யார் உயிருக்கு யார் பொறுப்பு

ஒரு வாரம் கழித்துத்தான் வாய் திறந்தேன்.

"மனுஷங்க எப்ப மிஸ் அங்க குடி போவாங்க?"

"குடி போறதுக்கு இல்ல பாட்டி. அங்க மூச்சு விடக் காத்து இல்ல. ஒருத்தரை அனுப்பிட்டு அவர் உயிருக்கு யார் பொறுப்பு சொல்றது? மெஷின் போய்ப் பார்த்துச் சொன்னாப் போதும்."

பக்கத்து வீட்டு ராசம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

"நம்ம பூட்டன் பூட்டிய வெள்ளக்காரன் இந்தத் தோட்டத்துக்குக் கப்பல் ஏத்துறப்ப இப்பிடி ஒரு மிஸ் இல்லாமப் போச்சேடி! காட்டுல காய்ச்சல் இருக்கா, சிறுத்தை இருக்கான்னு பாக்க அவங்களத்தானே மொதல்ல அனுப்புனாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3. கோடு

மழை தொடங்கியது. ஒரு காலை, சரிவின் மேல்பக்கம் குறுக்கே மெல்லிய வெடிப்பு ஒன்று தெரிந்தது. மண்ணை அடைத்து, மிதித்து, கூட்டிவிட்டேன். மறுநாள் திரும்பவும் இருந்தது, இன்னும் அகலமாக. மறுபடி மூடினேன். "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க பாட்டி," என்று மிஸ் சொன்னார். பத்து நாள் மூடினேன்.

நிலம் வெடித்தால் மலையே சரிந்து வரும் என்று மலையில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதை எங்கள் மலையாக நான் பார்க்கவில்லை. அவர்களுடைய கிரகத்தில் விழுந்த கோடாகவே பார்த்தேன். கோடு இருந்தால் ஏசுவார்களே என்றுதான் பயந்தேன்.

பதினோராம் நாள் மெஷினின் சக்கரம் அதில் இறங்கிவிட்டது. கொட்டகையிலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். சிங்களத்துப் பெரிய சார் கையை உள்ளே விட்டார். முழங்கை வரை போனது.

"அம்மே, இது எப்ப இருந்து?"

"பத்து நாளா மூடிக்கிட்டு வாறேன் சார்."

மிஸ் என்னைப் பார்த்தார். பிறகு கீழே தெரிந்த லயத்துத் தகரங்களைப் பார்த்தார்.

"அங்க எத்தனை குடும்பம் பாட்டி?"

"பன்னெண்டு, மிஸ்."

ஒரு மணி நேரத்தில் லொறி வந்தது. மெஷினைப் பஞ்சு மெத்தையில் சுற்றி ஆறு பேர் தூக்கினார்கள். சார் தோட்ட ஆபீசுக்கும் போன் பண்ணினார், அதை மறைக்க மாட்டேன். சாயங்காலம் எங்களை ஸ்கூல் கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் மழை விட்டது. கணக்கப்பிள்ளை வந்தார். "வெயில் அடிச்சிருச்சு. வீட்டுக்குப் போங்க. வேற எடம் இப்ப இல்ல."

"மெஷினுக்கு மட்டும் எங்கருந்து ஐயா எடம் வந்துச்சு?" என்று ராசம்மா கேட்டாள். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மெஷின் அந்தச் சரிவுக்குத் திரும்பவில்லை. "அங்க ஆபத்து பாட்டி, வேற இடம் பார்த்துட்டோம்," என்று மிஸ் போனில் சொன்னார். நாங்கள் பன்னிரண்டு குடும்பமும் திரும்பி வந்தோம். இன்றும் அங்கேதான்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் தலைக்கு மேலே கோடு விழுந்தால், எந்த மிஸ்ஸுக்காகவும் மூடாதீர்கள்.

இப்போது மழை பெய்த ஒவ்வொரு காலையும் நான் ஈக்குமாறு இல்லாமல் மேலே ஏறுகிறேன். வெடிப்பை விரலால் அளந்து வந்து, பன்னிரண்டு கதவையும் தட்டிச் சொல்கிறேன். போய்ப் பார்த்துச் சொல்ல எங்களுக்கு மெஷின் இல்லை.