இடுக்குக்கு இன்னொரு பொருள்

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் எங்கள் எல்லோரையும் மிஞ்சியவள் ஒரு சீனப் பெண். கேம்பல் ஸ்ட்ரீட்டில் அவள் அப்பாவுக்குச் செருப்புக் கடை. வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

ஒரு நாள் பள்ளியைப் பார்வையிட வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்தார். ஆசிரியையும் வெள்ளைக்காரிதான். என் தோழியை எழுப்பிக் கட்டுரை வாசிக்கச் சொன்னாள். கடையில் பொழுது விடிவதைப் பற்றி அவள் எழுதியிருந்தாள். பலகைக் கதவின் இடுக்கு வழியாக வெளிச்சம் வந்து செருப்புகள் மேல் விழுகிறது என்று அதில் ஒரு வரி. இடுக்குக்கு அவள் போட்டிருந்த ஆங்கிலச் சொல் ‘சிங்க்’ (chink). சுவரிலோ கதவிலோ இருக்கும் ஒடுங்கிய பிளவு என்று அகராதியில் பார்த்து எடுத்தது.

அந்தச் சொல்லைக் கேட்டதும் துரைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆசிரியையின் காதில் ஏதோ சொன்னார். அவளும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கட்டுரை பிடித்துவிட்டது என்று நினைத்து என் தோழியும் சிரித்தாள்.

என் அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. கப்பல்காரர்களின் பேச்செல்லாம் அவருக்குத் தெரியும். சாயங்காலம் அவரிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன்.

“அது சீனங்களக் கேவலமா சொல்ற சொல்லும்மா. நமக்கும் ஒண்ணு வச்சிருக்கானுங்க. நீ பேசாம படிக்கிற வேலையப் பாரு.”

மறுநாள் பள்ளி வாசலிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. “நானும்லா கூடச் சிரிச்சேன்,” என்றாள் மலாயில்.

வகுப்பு தொடங்கியதும் எழுந்து நின்றாள். “மிஸ், அந்தச் சொல்லுக்கு எத்தன அர்த்தம்?”

“ஒண்ணுதான். இடுக்கு. உக்காரு.”

“அப்ப எதுக்குச் சிரிச்சீங்க?”

ஆசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. அவளை வராந்தாவில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்டால் உள்ளே வரலாம் என்றாள். அவள் கேட்கவில்லை. அடுத்த நாள் அவள் அப்பாவை வரவழைத்தார்கள். என்ன நடந்தது என்றே புரியாத அந்த மனிதர் ஆசிரியைக்கு முன்னால் குனிந்து குனிந்து வணங்கினார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

சில வருஷம் கழித்து அவள் கடைக்குப் போனேன். ஒரு வெள்ளைக்காரி செருப்புக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தாள். என் தோழி வாயே திறக்காமல் விரல்களைக் காட்டினாள்.

“இவளுக்கு இங்கிலீஷ் தெரியாதா?” என்று அந்தம்மாள் என்னைக் கேட்டாள்.

“உங்களைவிட நல்லாவே தெரியும்,” என்றேன்.

அந்தம்மாள் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு வெளியேறினாள். தோழி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“வந்த ஆளையும் விரட்டிட்டியேலா,” என்றாள்.