நாலு நாலு வரியாக அடித்த மனு

பிள்ளைகளா, கம்ப்யூட்டர் பாதியில் நின்றால் நீங்கள் சிரித்துக்கொண்டே மறுபடி போடுகிறீர்கள். நான் இன்றும் முதலில் பென்சிலைத்தான் தேடுவேன். ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது உத்திரமேரூரில் மனு டைப் அடிக்கும் கடையில் இருந்தேன். முந்தின நாள்தான் மெக்கானிக் வந்து கம்ப்யூட்டரில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றியிருந்தார். அன்று தாலுகா ஆபீஸில் ஜமாபந்தியின், அதாவது வருஷத்துக்கு ஒருமுறை நில மனு வாங்கும் கூட்டத்தின், கடைசி நாள். மதியத்துக்குள் மனு கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம்தான்.

மானாம்பதிப் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஏரிக்கரையில் இருந்த பதினாலு குடிசைக்கும் மேட்டில் மனைப்பட்டா கேட்டு மனு. எங்கள் கடையில் வாயால் சொல்லச் சொல்ல நேராக அடிப்பதுதான் வழக்கம்; கையால் எழுதி வைப்பதில்லை. குடிசை குடிசையாகப் பேர் சொன்னார். வெள்ளத்தில் போன மகனையும் சொன்னார். முடித்து சேவ் கொடுத்தேன். தமிழ் அடிக்கும் ப்ரோகிராம் சட்டென்று மூடிக்கொண்டது. திறந்தால் ஒரு எழுத்து இல்லை.

"இன்னா சார், மொகம் வெளுத்துப் போச்சு?"

"இன்னொரு தபா சொல்றியாம்மா?"

சொன்னார். இந்தத் தடவை பாதியிலேயே மூடிக்கொண்டது.

"எங்க பேரக் கேட்டாலே ஓடுதே உன் பொட்டி! அதுவும் தாலுகா ஆபீஸ்லதான் வேல பாக்குதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மகன் செத்த கதையை மூன்றாம் முறை எப்படிக் கேட்பது?

சேவ் கொடுத்தாலும் மூடுகிறது, இப்போது ஏழெட்டு வரி தாண்டினாலே மூடுகிறது என்று தோன்றியது. பேரை மட்டும் மறுபடி சொல்லச் சொல்லி, நாலு வரி அடித்தேன். சேவ் கொடுக்காமல் அச்செடுத்தேன். திரையில் இருந்ததை அழித்துவிட்டு, அதே தாளைப் பிரிண்டரில் செருகி, கையால் உருட்டி, அடுத்த நாலு வரிக்கு நிறுத்தினேன். தாள் சாய்ந்தால் அடித்த வரிமேலேயே அடித்துவிடும். பிரிண்டர் ஓடும் ஒவ்வொரு முறையும் தாளின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். மகன் விஷயத்தை, வெள்ளம் பார்க்கப் போனவன் என்று நினைவிலிருந்தே அடித்துப் படித்துக் காட்டினேன்.

"வேடிக்க பாக்கப் போவல சார் அவன். ஆட்டை அவுக்கப் போனான்" என்றார். அதை அடுத்த நாலு வரியில் சேர்த்தேன்.

கடைசி வரி சற்றுச் சாய்ந்துதான் விழுந்தது. கைநாட்டு வைத்துவிட்டு ஓடினார்.

கடையில் நான் மட்டும். அந்த மனு இப்போது அவர் கையில் போகும் ஒரே தாளில்தான் இருந்தது. ஆபீஸில் அது தொலைந்தால் மறுபடியும் அவர்தான் சொல்லவேண்டும். கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினேன். வீணான தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் பதினாலு குடிசைப் பேரையும் எழுதினேன். கடைசியில், ஆட்டை அவிழ்க்கப் போனவன் பேரையும்.