காலிக் கூடைக்குப் பின்னால்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னால் சொல்ல வேண்டியது பின்னால்தான் ஞாபகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய தெருக்களைச் சுற்றக் கிளம்புகிறவர்கள், "மயிலாப்பூர் சந்தெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும், எழுதிக் கொடுங்கம்மா" என்று கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

உண்மையில் எனக்குச் சந்து ஒன்றும் தெரியாது. யாரிடமும் வழி கேட்கக் கூச்சம். அதனால் ஆட்களின் கையைப் பார்த்து நடப்பேன். தேங்காய்த் தட்டு போனால் பின்னாலேயே போகலாம், கோயில் வந்துவிடும். பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தால் அவர் தெற்கு மாடவீதியிலிருந்து திரும்புகிறவர், அவர் வந்த பக்கம் போங்கள். மீன்கூடை நிறைந்திருந்தால் கடலிலிருந்து வருகிறது. காலியாக இருந்தால் கடலுக்குப் போகிறது. இது தப்பியதே இல்லை, ஒரு நாளைத் தவிர.

மெட்ரோ வேலைக்குத் தெருவெல்லாம் தகரம் அடைத்ததிலிருந்து என் மகனுக்குப் பயம். "தனியா நடந்துக்கோம்மா. ஆனா ஒரு தடவ வழி தப்பினே, அப்புறம் மொட்டைமாடியிலதான் உன் நடை" என்று சொல்லிவிட்டான். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியையும் காய்கிற லுங்கியையும் எத்தனை நாள் பார்ப்பது?

மறுநாளே கடலுக்குக் கிளம்பினேன். கச்சேரி ரோட்டில் நேரே போனால் சாந்தோம் கடற்கரைதான். வண்டி இரைச்சலுக்குப் பயந்து, காலிக் கூடையோடு போன ஒருத்தியின் பின்னால் சந்தில் நுழைந்தேன். என்ன வேகம் அவளுக்கு! வாசலில் அடிபம்பு உள்ள ஒரு வீடு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் எத்தனை திருப்பமோ. உப்புக்காற்று வர வேண்டிய நேரத்தில் பஸ் புகைதான் வந்தது.

ஒரு டீக்கடை வாசலில் அவள் சட்டென்று திரும்பினாள்.

"இன்னா ஆயா, அப்போலேர்ந்து பின்னாலயே வந்துகினு கீற? மீனு தீந்துபோச்சு!"

"இல்லம்மா... நாங்க சைவம்."

"அப்போ கூடைய மோந்து பாக்கவா வந்த?"

டீ குடித்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே, கடலுக்கு வந்ததையும் மொட்டைமாடி விஷயத்தையும் சொன்னேன்.

"கடலா? இது ராஜா அண்ணாமலைபுரம். நான் எங்க அக்கா வூட்டுக்குப் போய்க்கினு கீறேன்!"

அந்த நேரம் பார்த்து மகன் போன் செய்தான். போனைப் புடவைத் தலைப்பில் மறைக்கப் பார்த்தேன். அவளே போனை வாங்கினாள்.

"நைனா, உங்கம்மா என்கூடத்தான் கீது. கடல பாக்கப் போவுது."

"நீங்க யாரு?" அவன் கத்தியது எனக்கே கேட்டது.

"மீன்காரி."

"மீனா? எங்கம்மாவா?"

அவள் போனை வைத்துவிட்டு, ஒரு ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். "சாந்தோம் சர்ச்சாண்ட எறக்கி வுடுப்பா" என்று சொல்லி என்னை ஏற்றினாள். "வழி கேட்டா வாய் தேஞ்சா பூடும்?" என்று எனக்கு ஒரு திட்டும் கிடைத்தது.

கடலில் கால் நனைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகன் என் புடவை ஓரத்து ஈரத்தையும் செருப்பு மணலையும் பார்த்தான்.

"அவ்வளவு தூரம் நடந்தே போனியா?"

"கால் வலிக்குதுப்பா" என்றேன். அது பொய்யில்லை. இன்றுவரை தனியாகத்தான் நடக்கிறேன்.

ஆகவே காலிக் கூடையை நம்புங்கள். போகிறவளுக்கு வழியில் அக்கா வீடு இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். தகரத்தில் இப்போது எங்கே வழி விட்டிருக்கிறார்கள், அந்த அடிபம்பு எந்தச் சந்து, யாராவது ஒருமுறை நடந்து பார்த்துத் திருத்திவிடுங்கள். என் மகனிடம் மட்டும் சரிபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள்.