வாசல் கதிரை

கண்டியில் நான் வேலை பார்த்த தையற்கடைக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது துணியல்ல, ஒரு கதிரை. வாசலை ஒட்டிப் போட்டிருக்கும். அதில் முதலாளி உட்கார்ந்திருப்பார். பின்னேரம் தையற்காரர்கள் வீட்டுக்குப் புறப்படும்போது காவற்காரன் ஒவ்வொருவர் இடுப்பு மடியையும் தடவிப் பார்ப்பான். முதலாளி கதிரையில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாழ்ப்பாணத்து மனிதர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், பயந்தவர். அந்தப் பயம் கடை முழுவதையும் பாடாய்ப் படுத்தியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் என்னை அங்கே மாஸ்டராகக் கூப்பிட்டார்கள். துணியை வெட்டிக் கொடுப்பதும் தைக்கிறவர்களை வேலை வாங்குவதும் மாஸ்டரின் பொறுப்பு. தைக்கிறவர்கள் எல்லாரும் என்னைப் போல முஸ்லிம்கள், மடவளை ஆட்கள். அலவத்துகொடயிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார், கோட்டுக் கழுத்துப்பட்டி தைப்பதில் சூரர். ஒரு நாள் நூற்கட்டை ஒன்றைக் காணவில்லை என்று எல்லார் முன்னாலும் அவருடைய சாரன் மடியை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நூற்கட்டை மேசைக்கடியில் கிடந்தது. அவர் எழுந்து போனவர்தான், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

இதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே முதலாளியிடம் போனேன்.

"மடி தடவுறத நிப்பாட்டினா நான் வாரன். அந்த மனுசனையும் கூட்டிட்டு வாரன். இல்லாட்டி வேற மாஸ்டரப் பாருங்க."

"சாமான் களவு போனால் ஆர் பொறுப்பு?"

"நான்."

காவற்காரனைக் கடைக்குப் பின்பக்கம் அனுப்பினார்கள். நானும் சொன்னபடி அலவத்துகொடக்காரரைக் கூட்டிவந்தேன். கதிரையை மட்டும் முதலாளி வாசலிலிருந்து எடுக்கவில்லை.

அந்த வருஷம் நோன்பு மார்கழியில் வந்தது. கிறிஸ்மஸ் என்கிற நத்தார்க் காலம். பெரிய ஹோட்டல் ஒன்றில் விருந்து. பரிமாறுகிறவர்களுக்குக் கழுத்து நிமிர்ந்து நிற்கும் வெள்ளைக் கோட்டுகள் வேண்டும், விருந்து நாள் பின்னேரம் மூன்று மணிக்குக் கைக்கு வந்துவிட வேண்டும் என்று ஹோட்டல் துரை சொல்லிவிட்டார். தவறினால் இனி அந்த ஹோட்டல் வேலை முழுவதும் எதிர்க்கடைக்குப் போகும். முதலாளி பழையபடி ஆகிவிட்டார். நோன்பு திறக்கக்கூட ஒருவரையும் விடக் கூடாதாம், கதவைப் பூட்டி வைத்துத் தைப்பிக்க வேண்டுமாம்.

பட்டினியாக இருக்கிறவனைப் பூட்டி வைத்தால் தையல் கோணலாகத்தான் போகும் என்றேன். துணியை வெட்டிப் பங்கு பிரித்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். எல்லார் வீட்டிலும் மெஷின் இருக்கிறது. நோன்பு திறந்து வயிறு ஆறியபின் தைக்கட்டும். பொத்தான் ஓட்டை கட்டுவதில் வீட்டுப் பெண்களின் கை எங்கள் கையைவிடச் சுத்தம். அவ்வளவு துணி வாசலைத் தாண்டிப் போவதை நினைத்தே முதலாளிக்கு முகம் வெளிறியது.

"திரும்பி வராட்டில்?"

"வராட்டி என்ட கத்தரிக்கோல இந்த மேசையில வெச்சிட்டு நான் போறன்."

அந்தக் கத்தரிக்கோல் என் சொந்தம், என் பிழைப்பே அதுதான். அது அவருக்கும் தெரியும். சம்மதித்தார். கழுத்துப்பட்டிகள் அத்தனையையும் அலவத்துகொடக்காரரிடமே கொடுத்தேன். வேண்டுமென்றே, முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கொடுத்தேன்.

ஒரு விஷயத்தில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சறுக்கினோம். விருந்து நாள் முப்பதாவது நோன்பு, மறுநாள் பெருநாள்; கோட்டுகளைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் பெருநாள் கொண்டாடலாம் என்று வைத்துக்கொண்டோம். இருபத்தொன்பதிலும் பிறை தெரியலாம் என்பது எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மழை வானத்தில் எங்கே தெரியப்போகிறது என்று இருந்துவிட்டோம். இருபத்தொன்பதாம் நோன்பு திறக்கிற நேரம் மேகம் விலகியது. பிறை தெரிந்துவிட்டது, பள்ளிவாசலில் பெருநாள் தக்பீர் முழங்கியது. விருந்து நாளிலேயே பெருநாளும் வந்து விழுந்தது.

சற்று நேரத்தில் முதலாளி காரில் காவற்காரனையும் ஏற்றிக்கொண்டு கண்டியிலேயே இருந்த என் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

"உங்கட பெருநாள் எப்ப எண்டு உங்களுக்கே தெரியாதோ மாஸ்டர்?"

தைத்தது தைக்காதது எல்லாவற்றையும் இப்போதே வீடு வீடாகப் போய் அள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றார்.

"காவற்காரன விட்டு வாங்கினா துணி வரும் முதலாளி. மனுசன் வரமாட்டான். விடியட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார். பெருநாளில் வேலைக்கு வா என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியனுப்ப மனமும் வரவில்லை.

காலையில் பெருநாள் தொழுகை முடிந்ததும் கடையைத் திறக்கப் போனேன். முதலாளி எனக்கு முன்னமே வந்து நின்றார். கதவைத் திறந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது: மடவளை, அலவத்துகொடப் பக்கம் பஸ் ஓட்டுகிறவர்களும் எங்கள் ஆட்கள்தான். அவர்களுக்கும் இன்று பெருநாள். பஸ் ஓடாது.

பத்து மணிபோல ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. அயல்வீட்டுச் சிங்களவர் ஒருவரின் வண்டி. உள்ளே துருக்கித் தொப்பிகள், அத்தர் வாசம், வெள்ளை மூட்டைகள், முதலாளிக்கென்று ஒரு சட்டி பெருநாள் இனிப்பு, வட்டலாப்பம். மடவளைக்காரர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் வந்திருந்தார்கள்.

"பெருநாளும் அதுவுமா ஏன் வந்தீங்க?" என்று நானே கத்திவிட்டேன்.

"நீங்க வாக்குக் குடுத்திட்டீங்க தானே, நானா," என்று என்னை அண்ணன் முறை சொல்லிச் சிரித்தார் ஒருவர்.

கோட்டுகள் எல்லாம் வந்துவிட்டன. கழுத்து மட்டும் இல்லை. கழுத்தில்லாத கோட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டோம். முதலாளி அவற்றைப் பார்த்தார், பிறகு மேசையில் இருந்த என் கத்தரிக்கோலைப் பார்த்தார். ஏசியிருந்தால்கூடத் தேவலை. அலவத்துகொடக்காரர் வராவிட்டால் என் வேலை போவது ஒருபக்கம்; அவர் மடியை அவிழ்க்கச் சொன்னது சரிதான் என்று ஆகிவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நடுப்பகல் ளுஹர் பாங்குக்குச் சற்று முன் அவர் தெருமுனையில் தெரிந்தார். ஊரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில்கூட நின்று இளைப்பாறவில்லையாம். புதுச் சாரன் முழங்கால் வரைக்கும் சேறு. தலையில் இருந்த பொதியில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

உள்ளே வராமல் வாசலிலேயே நின்று முதலாளி முன்னால் பொதியை அவிழ்த்தார். கழுத்துப்பட்டிகள், கஞ்சி போட்டுத் தேய்த்தவை. பிறகு தன் மடியை அவிழ்த்து, ஒரு சின்ன முடிச்சை எடுத்து முதலாளியின் கையில் வைத்தார். மிஞ்சிய நூலும் விரலளவு வெட்டுத் துண்டுகளும் அதில் இருந்தன.

"இது எனக்கு எதுக்கு?"

"உங்கட சாமான் தானே முதலாளி."

முதலாளி எழுந்தார். பிறகு கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போய், மெஷினுக்கு முன்னால் வைத்தார்.

"இதில இருங்கோ. முதல்ல ஏதும் குடியுங்கோ," என்றார்.

எல்லாரும் சேர்ந்து கழுத்துகளைப் பொருத்தினோம். சொன்ன நேரத்துக்குக் கோட்டுகள் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய இடத்து வேலைகளைச் செய்து கொடுத்திருக்கிறேன். அந்தப் பெருநாளில் என் ஆட்களைப் பார்த்து எனக்கு வந்த பெருமை வேறெந்த வேலையிலும் வரவில்லை.

கதிரை பிறகு வாசலுக்குத் திரும்பவேயில்லை. அலவத்துகொடக்காரர் அதில் இருந்துதான் தைத்தார். அவரிடம் ஏதும் பேச வேண்டுமென்றால் முதலாளி பக்கத்தில் வந்து நின்றுகொண்டு பேசுவார்.