பூட்டக்கா

“திறந்த தரவு அலுவலர்: ஆய்வில் சேரும் தகவல்களை எவருக்கும் எளிதில் கிடைக்கச் செய்பவர்.” ஆய்வு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அவருடைய படத்துக்குக் கீழே இப்படி இருக்கிறது. படத்தில் பாதி முகத்தை மூக்குக்கண்ணாடியின் வெளிச்சம் மறைத்திருக்கிறது. வேறு படம் கேட்டதற்கு, “இதுவே போதும்” என்றாராம்.

மதியம் டப்பாவின் மூடியைத் தடுப்புச் சுவராக நிறுத்திக்கொண்டுதான் சாப்பிடுவார். “என்னக்கா சாப்பாடு?” என்றால், “சாப்பாடுதான்.” விடுப்பு முடிந்து வந்தவரிடம் எங்கே போயிருந்தீர்கள் என்றால், “வெளியூர்.” எந்த ஊர்? “வெளியூர்னா வெளியூர்தான்.” மகளுக்குக் கல்யாணம் ஆன செய்தி, பேரன் பிறந்த பிறகுதான் அலுவலகத்துக்கு எட்டியது. அதுவும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்பைக் கணக்குப் பிரிவு அம்மாள் தவறி எடுத்ததால். “இவங்க வாயைத் திறக்கணும்னா அதுக்கும் மானிய விண்ணப்பம் போடணும்போல” என்று சொல்லி, பூட்டக்கா என்று பேர் வைத்தவர் அந்த அம்மாள்தான்.

ஆனால் அடுத்தவர் அலமாரி என்று வந்துவிட்டால் பூட்டக்கா கடப்பாரையாகிவிடுவார். சமூக ஆய்வுக்கு மானியம் தருகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். எடுத்த பேட்டிகளைப் பெயர் நீக்கிப் பொதுக் காப்பகத்தில் வைக்க வேண்டும். கெடு தாண்டினால் கடைசித் தவணை வராது. பேராசிரியர்களுக்கோ தரவு என்றால் பெற்ற பிள்ளை மாதிரி. “இன்னும் ஒரே ஒரு கட்டுரை எழுதிட்டுத் தர்றேனே” என்று இழுப்பார்கள். “ஊர்ப் பணத்துல எடுத்தது சார். உங்க வீட்டு நகையா, பீரோவுல வைக்க?” என்பார் பூட்டக்கா.

பெயர் நீக்குவதற்கும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. “பேரை எடுத்தா ஆச்சா? ஆள் யாருன்னு தெரியுதான்னு எதிர்வீட்டுக்காரி மாதிரி படிக்கணும்.” படிக்கும்போது கழுத்து லேசாக நீளும், ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது போலவே இருக்கும்.

வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றி ஒரு ஆய்வு நடந்தது. பேட்டி கொடுத்தவர்களில் ஒருவருக்குப் பகலில் ஒரு வீடு, மாலையில் இன்னொரு வீடு. மாலை வேலை பகல் வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும். எந்தக் கஷ்டத்தைக் கேட்டாலும் அவர் சொன்னது ஒன்றுதான்: “கொடிக்கு என்ன ஈரம்?” நனைந்ததையெல்லாம் தாங்குகிற துணிக்கொடிக்கு ஈரம் ஒரு பொருட்டா என்று அர்த்தம். பேராசிரியர் அதில் சொக்கிப்போனார். அந்தப் பெண்ணின் பெயரை நீக்கினார், தெருவை நீக்கினார், வயதைக்கூட மாற்றினார். பிறகு அந்தச் சொல்லை எடுத்து அறிக்கையின் அட்டையில் தலைப்பாகப் போட்டார்.

கெடுவுக்கு முந்தைய நாள் பூட்டக்கா அட்டையோடு அவர் அறைக்குப் போனார். “சார், இது வேண்டாம்.”

“பழமொழி மாதிரிதானேம்மா? யார் வேணாலும் சொல்லலாமே.”

“அப்ப நீங்க ஏன் சார் இதுக்கு முன்னாடி கேட்டதில்ல?”

“அவங்கதான் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களே.”

“பேசறதுக்குப் போட்டாங்க. அட்டையில ஒட்டறதுக்கா?”

“நாளைக்குக் கெடும்மா. தவணை வரலைன்னா களப்பணிப் பிள்ளைங்களுக்குச் சம்பளம் இல்ல. சரி, அவங்களையே கேட்டுடுவோம்.” பேராசிரியர் போனில் ஸ்பீக்கரைப் போட்டார்.

“பேசலாமாம்மா?” என்றார் பூட்டக்கா.

“பேசுங்க மேடம். பெரியம்மா தூங்கறாங்க.”

“நீங்க அடிக்கடி சொல்ற அந்த வார்த்தையைப் புத்தகத்து மேல போடலாமான்னு சார் கேக்கறார்.”

“அதுக்கென்ன, போட்டுக்கட்டும். எனக்கென்ன வந்தது? கொடிக்கு என்ன…”

“ஈரம்!” என்றது பின்னாலிருந்து ஒரு கிழக்குரல், பகல் வீட்டுப் பெரியம்மா. “நாள் பூரா இதே பாட்டுத்தான் இவளுக்கு. யாருடி போன்ல?”

“ராங் நம்பர் பெரியம்மா” என்றார் அந்தப் பெண். அழைப்பு அறுந்தது.

பேராசிரியர் ஸ்பீக்கரை அணைத்தார். அட்டையைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் தேடினார்.

மறுநாள் எல்லாப் பேட்டிகளும் பொதுவெளிக்குப் போயின, அந்த ஒரு சொல் இல்லாமல். பிள்ளைகளுக்குச் சம்பளமும் வந்தது. புதிய தலைப்பைப் பேராசிரியரே நடுவில் மூச்சு வாங்கித்தான் படிக்கிறார்.

இந்தச் சொற்சித்திரத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் பூட்டக்காவிடம் காட்டினேன். கழுத்தை நீட்டிப் படித்தார். சாப்பாட்டு டப்பா, மகள் கல்யாணம், பேரன் எதிலும் கை வைக்கவில்லை. அந்தப் பெண்ணின் சொல்லை மட்டும் வந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டு, மேலே வேறொன்றை எழுதித் தந்தார். கொடியும் ஈரமும் அவர் எழுதியவை.